யப்பான் காருக்கு வெளிநாட்டு மீட்டர்: மாற்றுவதா, மொழியை மட்டும் திருத்துவதா, அப்படியே விடுவதா?

2020 மார்ச்சில் நின்றுபோன தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் திரும்பத் திறந்ததில் இருந்து இலங்கையில் ஒரு பழைய கேள்வி புதிதாகச் சுற்றுகிறது. யப்பானில் ஓடிய கார் வீட்டுக்கு வந்துவிட்டது. ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால், வேகமும் எரிபொருளும் எச்சரிக்கைகளும் காட்டுகிற மீட்டர் திரையில் வருவதெல்லாம் விளங்காத எழுத்து. "அவுஸ்திரேலியா மீட்டர் ஒன்று எடுத்துப் போட்டால் எல்லாம் இங்கிலீஷில் வரும்தானே அண்ணை?" என்று வாசகர்கள் கேட்கிறார்கள். சிலருக்குப் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ஏற்கெனவே ஒரு விலையும் சொல்லியாயிற்று.

வரும்தான். ஆனால் அதோடு சேர்ந்து இன்னும் சில விஷயங்களும் வரும். என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன்: மீட்டர் உயிரோடு இருக்கும்போது மொழிக்காக மட்டும் வேறு நாட்டு மீட்டரை மாட்டுவது பெரும்பாலான கார்களுக்குத் தேவையில்லாத வேலை. பொருந்துகிற சில கார்களும் சில நிலைமைகளும் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

## முதலில், எது மீட்டரின் பிரச்சினை?

காரை ஸ்டார்ட் பண்ணியதும் ஒரு பெண் குரல் யப்பான் மொழியில் ஏதோ சொல்கிறதா? அது மீட்டர் இல்லை. யப்பானில் அதிவேகப் பாதைக் கட்டணம் கழிக்கிற ஈடிசி கருவி, தனக்குள் அட்டை இல்லை என்று முறையிடுகிறது. அதன் வயரைக் கழற்றினால் குரல் நின்றுவிடும். ரேடியோவில் நமது நிலையங்கள் பாதிக்கு மேல் பிடிக்கவில்லையா? யப்பான் எஃப்எம் அலைவரிசை 76இல் தொடங்குகிறது, நமது நிலையங்கள் 88 முதல் 108 வரை. அது செட்டின் சங்கதி. வழிகாட்டித் திரையின் மொழியும் அப்படித்தான். மீட்டரை மாற்றுவதால் இவற்றில் ஒன்றுமே மாறாது.

இன்னொரு கூட்டம் 180 வரை மட்டும் உள்ள வேக வட்டத்தை 220 ஆக்க விரும்புகிறது. யப்பான் உற்பத்தியாளர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட வரம்பு அந்த 180. அதை அமுல்படுத்துவது எஞ்சின் கணினி, மீட்டர் முகம் அல்ல. நமது அதிவேகப் பாதையிலேயே வரம்பு 100. இதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

## எதை வைத்து முடிவெடுப்பது

நான் பார்க்கிற அளவுகோல்கள் ஐந்து. எச்சரிக்கைகள் சரியாக, முழுதாக வருமா என்பது முதலாவது. ஓடிய கிலோமீற்றர் எண் என்னாகும் என்பது இரண்டாவது, விற்கும்போது இதுதான் கழுத்தைப் பிடிக்கும். பிடிக்காவிட்டால் பழையபடி மாற்றலாமா என்பது அடுத்தது. பிறகு செலவு, சொன்ன விலையும் சொல்லாத விலையும். கடைசியாகத்தான் மொழி. மொழியை ஏன் கடைசியில் வைத்தேன் என்றால், அதைத் தீர்க்க வேறு வழிகளும் உண்டு. மற்ற நான்கும் கெட்டால் திருத்துவது கடினம்.

| தெரிவு | மொழி | கிலோமீற்றர் எண் | எச்சரிக்கை விளக்குகள் | திரும்ப மாற்றலாமா |
|---|---|---|---|---|
| அப்படியே விடுவது | போன் கமராவும் பழக்கமும் | தொடாது | தொடாது | கேள்வியே இல்லை |
| உள்ளே மென்பொருள் மாற்றுவது | ஆங்கிலம் | கவனமாகச் செய்தால் அதே எண் | பெரும்பாலும் அப்படியே | பழைய பிரதி இருந்தால் மட்டும் |
| வெளிநாட்டு மீட்டர் | ஆங்கிலம் | வேறு காரின் எண் வரும் | ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும் | பழைய மீட்டர் கையில் இருந்தால் ஆகும் |
| அதே யப்பான் மீட்டர் | மாறாது | வேறு காரின் எண் வரும் | மொடலின் தரம் (கிரேட்) ஒத்தால் சரி | ஆகும் |

## அப்படியே விட்டுப் பழகுவது

இதைச் சோம்பேறியின் வழி என்று நினைக்க வேண்டாம். மீட்டரில் உயிர் காக்கிற செய்திகள் எழுத்தில் வருவதில்லை, படமாக வருகின்றன. ஒயில் கேத்தல், பற்றரி, பிரேக் வட்டம், எயார்பாக் ஆள், ஏபிஎஸ் எல்லாம் உலகம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே குறி. சிவப்பு என்றால் நிறுத்து, மஞ்சள் என்றால் கெதியில் காட்டு. வேகம், எரிபொருள், தூரம் எல்லாம் எண்கள். எரிபொருள் சிக்கனம்கூட யப்பான் மீட்டரில் லீற்றருக்கு இத்தனை கிலோமீற்றர் என்றுதான் வரும். நாம் கதைப்பதும் அப்படித்தான்.

முதல் வேலையாக அமைப்புப் பட்டியலுக்குள் போய்ப் பாருங்கள். புதிய மொடல்கள் சிலவற்றில் யப்பான் மொழியோடு ஆங்கிலமும் உள்ளேயே கிடக்கிறது, யாரும் தேடாததால் தெரிவதில்லை. ஸ்டியரிங் பட்டனால் ஒவ்வொரு பக்கமாகப் போய், போன் கமராவில் மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து திரைக்கு நேரே பிடித்தால் போதும். இப்படியே மொழித் தெரிவு கிடைத்துவிட்டால் செலவு ஒன்றுமில்லை.

கிடைக்காவிட்டால், கார் வழக்கமாகக் காட்டுகிற செய்திகள் ஒரு கைவிரல் எண்ணிக்கையைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான்: சாவி காணவில்லை, கதவு சரியாகப் பூட்டவில்லை, பிரேக்கை மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் பண்ணு, எரிபொருள் குறைவு, இப்படி. படமெடுத்து விளக்கம் எழுதிக் கையுறைப் பெட்டிக்குள் வைத்தால் வீட்டில் யார் ஓட்டினாலும் உதவும். கோளாறுக் குறியீடுகளை ஆங்கிலத்தில் வாசிக்க, காரின் கணினியோடு இணைக்கிற ஓபிடி துளையில் செருகுகிற சிறிய கருவி ஒன்றும் போன் செயலியும் போதும். யப்பான் உள்நாட்டு மொடல்கள் சில பொது அமைப்பில் இணையாமல் அடம்பிடிக்கும். அந்தந்த உற்பத்தியாளருக்கு உரிய தெரிவைச் செயலியில் தேர்ந்தெடுத்தால் பலவும் இணைந்துவிடும்.

இந்த வழி போதாமல் போகிற ஒரு இடம் உண்டு. முதல் தலைமுறை ஹொண்டா வெசல் ஹைபிரிட், அதே காலத்து ஃபிட் ஹைபிரிட், கிரேஸ் ஆகியவற்றில் இருப்பது 7 கியர் இரட்டைக் கிளச்சுப் பெட்டி. கடுகண்ணாவை ஏற்றத்தில் லொறிக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து போனால் அந்தக் கிளச் சூடேறும். பெட்டி சூடாகிவிட்டது, பாதுகாப்பான இடத்தில் நிறுத்து என்று திரையில் வாக்கியமாக வரும். அந்த நேரம் போனை எடுத்துக் கமரா பிடிக்க முடியாது. மலைப்பாதையில் அடிக்கடி ஓடுகிற வெசல்காரர் ஆங்கிலம் வேண்டும் என்று கேட்டால் அது வீண் ஆசை இல்லை.

## இருக்கும் மீட்டருக்குள்ளேயே மொழியை மாற்றுவது

மீட்டர் கடைகளில் "இங்கிலீஷ் கன்வேர்ஷன்" என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். உங்கள் மீட்டரைக் கழற்றி, பலகையில் உள்ள நினைவகத்தை வாசித்து, ஏற்றுமதி மொடலின் ஆங்கிலப் பதிப்பை எழுதுகிறார்கள். சரியாகச் செய்தால் உங்கள் கிலோமீற்றர் உங்களோடேயே இருக்கும். முகப்பு, வயர், சென்சர் எதுவும் மாறாது. மொழிதான் உங்கள் ஒரே குறை என்றால் மூன்றாவது தெரிவை விட இது நேரான வழி.

ஆபத்து இருப்பது வேலையைச் செய்கிற கையில். எழுதும்போது மின்சாரம் தடைப்பட்டால் மீட்டர் செத்துவிடும். சிப்பைச் சூடு பண்ணிக் கழற்றுகிறவர்கள் பக்கத்துப் பாதைகளையும் பொசுக்கிவிடலாம். முள் உள்ள மீட்டர் என்றால் முள்ளைப் பிடுங்கித் திரும்பக் குத்தும்போது ஒரு பல் தள்ளிப்போனாலே வேகம் தவறும். ஆகவே கடையில் கேட்க வேண்டியவை: என் மொடல் குறியீட்டில் முன்பு செய்திருக்கிறீர்களா? பழைய மென்பொருளின் பிரதியை எனக்குத் தருவீர்களா? மீட்டர் செத்தால் யார் பொறுப்பு? மூன்றாவது கேள்விக்குப் பதில் இழுபட்டால் வேறு கடை பாருங்கள்.

## வெளிநாட்டு மீட்டரை மாட்டுவது

இதில்தான் மனக்கணக்கு அதிகம் பிழைக்கிறது. மூன்று வாசல்களையும் தாண்டினால் மட்டுமே யோசிக்கலாம்.

முதல் வாசல், உங்கள் காருக்கு வெளிநாட்டில் உண்மையான இரட்டை, அதாவது வேறு பெயரில் என்றாலும் அதே கார், இருக்கிறதா? டொயோட்டா அக்வா வெளியே பிரியஸ் சி என்ற பெயரில் ஓடுகிறது, விட்ஸ் யாரிஸாக ஓடுகிறது, 30 தொடர் பிரியஸ் உலகம் முழுக்கப் பிரியஸ்தான். இவற்றுக்கு இரட்டை உண்டு. எக்சியோவைப் பாருங்கள். 160 தொடர் எக்சியோ ஓடிய அதே காலத்தில் வெளிநாடுகளில் பரவலாக விற்ற கொரோலா நீளமும் டாஷ்போர்டும் வேறான இன்னொரு கார். பெயர் ஒட்டுறவு மட்டும்தான். 260 தொடர் பிரீமியோ, அலியன் யப்பானுக்கே உரியவை. வாகன் ஆர் 660 சிசி எஞ்சினுள்ள, கேய் கார் எனப்படும் யப்பானின் சிறிய கார் வகை, இந்திய வாகன் ஆர் அதே பெயரில் வேறு வண்டி. வெசல் ஹைபிரிட்டுக்கு வெளியே இருப்பது எச்ஆர்-வி. ஆனால் அது அதிக நாடுகளில் வெறும் பெற்றோல் எஞ்சினோடு போனது. மலேசியாவில் 2017இல் ஜாஸ், சிட்டி ஹைபிரிட்டும் 2019இல் எச்ஆர்-வி ஹைபிரிட்டும் இதே இரட்டைக் கிளச்சோடு விற்பனைக்கு வந்தன. ஆகவே கிரேஸ், ஃபிட், வெசல்காரர்கள் தேடுவதென்றால் மலேசியப் பக்கம்தான். அங்கும் ஆண்டும் தரமும் ஒத்துப்போக வேண்டும்.

இரண்டாவது வாசல், எந்த நாடு? அமெரிக்க மீட்டர் மைலிலும் பாரன்ஹைட்டிலும் பேசும். அதோடு அக்வா, பிரியஸ் போல மீட்டர் நடுவில் இருக்கிற கார்களில் இடப்பக்கச் சாரதிக்காக ஒழுங்கு செய்த பாகம் நமக்குப் பொருந்தாது. பிரித்தானிய மீட்டர் வலப்பக்கச் சாரதிக்குச் சரி, ஆனால் பெரிய எண்கள் மைல், உள்ளே பொடியாகத்தான் கிலோமீற்றர். உங்கள் 60,000 கிலோமீற்றர் அதில் 37,282 மைல் என்று எழுதப்பட வேண்டும், எழுதினாலும் வாங்குகிறவர் கிலோமீற்றர் என்று எண்ணிவிடலாம். அயர்லாந்து 2005இல் கிலோமீற்றருக்கு மாறிவிட்டது. எனவே பிரித்தானியக் கடைகளில் தேடுகிறவர்கள் அயர்லாந்துச் சரக்கா என்று கேட்பது புத்தி. அவுஸ்திரேலியா, சிங்கப்பூர், மலேசியா மூன்றும் வலப்பக்கம், கிலோமீற்றர், ஆங்கிலம். நியூசிலாந்து என்றால் நின்று நிதானியுங்கள். அங்கு ஓடுகிற கார்களில் பெருந்தொகை நம்முடையதைப் போலவே யப்பானில் இருந்து பழையதாக வந்தவை. ஆங்கில நாட்டு மீட்டர் என்று காசு கொடுத்து வாங்கிப் பெட்டியைத் திறந்தால் உள்ளே அதே யப்பான் எழுத்து இருக்கும்.

அவுஸ்திரேலியச் சரக்கிலும் ஒரு சின்ன எரிச்சல். எரிபொருள் செலவை அது 100 கிலோமீற்றருக்கு இத்தனை லீற்றர் என்று காட்டும். சில மொடல்களில் மாற்றலாம், சிலதில் முடியாது. லீற்றருக்கு 22 என்று பெருமையாகச் சொல்லிப் பழகியவருக்கு 4.5 என்று பார்ப்பது சப்பென்று இருக்கும்.

மூன்றாவது வாசல், விளக்குகள். மீட்டர் தனியாக யோசிப்பதில்லை. காரின் மற்றக் கணினிகள் அனுப்புகிற செய்திகளை வாங்கித்தான் காட்டுகிறது. எதிர்பார்க்கிற செய்தி வராவிட்டால் அதைக் கோளாறாக எடுத்துக்கொள்ளும். நல்ல உதாரணம் ரயர் காற்றழுத்த விளக்கு. அமெரிக்காவில் 2007 முதலும் ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய கார்களுக்கு 2014 நவம்பர் முதலும் அந்த அமைப்பு கட்டாயம். யப்பானில் அப்படிக் கட்டாயம் இல்லாததால் பல கார்களில் சென்சரே கிடையாது. ஐரோப்பியச் சந்தை மீட்டரை மாட்டினால் அந்த மஞ்சள் விளக்கு சிமிட்டிவிட்டு நிரந்தரமாக எரிந்துகொண்டிருக்கலாம்.

எரிகிற விளக்கு தொல்லை. எரியாத விளக்குத்தான் பயம். யப்பான் மொடலில் எஞ்சின் தானாக நின்று எழும்பும் வசதியோ, முன்னால் மோதாமல் பிரேக் போடும் வசதியோ இருந்து, மீட்டர் வந்த நாட்டின் மொடலில் இல்லாவிட்டால், அது கெட்டுப்போனாலும் உங்களுக்குத் தெரிவிக்க இடமே இருக்காது. இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. பழைய மீட்டர் காரில் இருக்கும்போதே, பிரேக்கை மிதிக்காமல் பட்டனை இரண்டு தரம் அழுத்துங்கள். எஞ்சின் ஓடாமல் எல்லா விளக்குகளும் சில விநாடி ஒன்றாக எரியும். அதை வீடியோ எடுத்து வையுங்கள். புது மீட்டர் போட்டதும் அதையே செய்து, நிறுத்தி நிறுத்தி ஒப்பிடுங்கள். எயார்பாக், ஏபிஎஸ், பிரேக், ஹைபிரிட் கோளாறு இவற்றில் ஒன்று காணாவிட்டாலும் மீட்டர் திரும்பப் போக வேண்டும்.

பாக எண்ணையும் பாருங்கள். டொயோட்டா மீட்டரின் பின்பக்க ஸ்டிக்கரில் 83800 என்று தொடங்கி இன்னொரு ஐந்து இலக்கம் இருக்கும். விற்கிறவர் முன்பக்கப் படத்தை மட்டும் அனுப்பினால் பின்பக்கத்தையும் கேளுங்கள். அந்த இலக்கத்தை வைத்து எந்தச் சந்தை, எந்தத் தரம் என்று பாகப் பட்டியலில் தேடலாம்.

## கிலோமீற்றர் எண்: எல்லாரும் மெல்லக் கதைக்கிற விஷயம்

பாவித்த மீட்டர் தான் ஓடிய தூரத்தோடு வரும். உங்கள் கார் 62,000, வந்த மீட்டர் 1,18,000 என்றால், மாட்டிய நிமிடத்தில் உங்கள் கார் 1,18,000 ஓடியதாகிவிடும். திருத்துவதற்குக் கடைக்காரர் மீட்டரின் நினைவகத்தில் 62,000 என்று எழுதுவார். தொழில்நுட்ப ரீதியில் பார்த்தால், ஏமாற்றுக்காரர் கிலோமீற்றரைக் குறைப்பதும் இதுவும் ஒரே வேலை. வித்தியாசம் காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது.

நமது சந்தையில் யப்பான் காரின் விலை ஏலத்தாளில், அதாவது யப்பான் ஏலத்தில் காரின் நிலையையும் ஓடிய தூரத்தையும் பதிந்த தாளில், தொங்குகிறது. வாங்க வருகிறவர் சாசி இலக்கத்தைக் கொண்டு ஏலத்தாளை எடுப்பார், அதில் உள்ள தூரத்தையும் மீட்டரையும் ஒப்பிடுவார். யப்பான் மொழித் தாளோடு வந்த காரில் ஆங்கில மீட்டர் இருந்தால் முதல் சந்தேகமே அங்குதான் தொடங்கும். நீங்கள் நூறு வீதம் நேர்மையாகச் செய்திருந்தாலும் விலையில் ஒரு வெட்டு விழும். இந்த வெட்டை யாரும் மீட்டர் விலையோடு சேர்த்துக் கணக்குப் பார்ப்பதில்லை. மொழி மாற்றத்தின் மறைவான செலவுகளில் இதுதான் பெரியது என்பது என் கணிப்பு.

ஜேர்மன் கார் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். பிஎம்டபிள்யூவின் ஈ46 போன்ற மொடல்களில் தூரம் மீட்டரில் மட்டுமல்ல, விளக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டியிலும் பதிவாகிறது. இரண்டும் ஒத்துவராவிட்டால் மீட்டர் அதைக் காட்டிக்கொடுக்கும். 2000ஐ ஒட்டிய ஆண்டுகளின் ஃபோக்ஸ்வேகன், ஔடி மீட்டருக்குள் திருட்டுத் தடுப்பு அமைப்பே இருக்கிறது. வேறு மீட்டரை அப்படியே மாட்டினால் எஞ்சின் பற்றி உடனே அணைந்துவிடும். இவற்றைப் பக்கத்துக் கராஜில் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

## மீட்டர் செத்துப்போயிருந்தால்

அப்போது கணக்கு மாறும். இரண்டாம் தலைமுறை பிரியஸில் மீட்டர் இருண்டுபோய், பவர் பட்டனை அழுத்தினாலும் கார் அணைய மறுக்கிற கோளாறு பெயர்போனது. இப்படியான நிலையில் முதல் தெரிவு பழுதுபார்ப்பது. பலகையைத் திறந்து சரிசெய்யத் தெரிந்த ஒருவர் கிடைத்தால் உங்கள் எண்ணும் உங்களோடு, விளக்குகளும் அப்படியே. அது முடியாவிட்டால் அதே ஆண்டு, அதே தர யப்பான் மீட்டர். அதுவும் கிடைக்காமல், காருக்கு உண்மையான இரட்டை வெளிநாட்டில் இருந்தால், எப்படியும் மீட்டர் மாற்றத்தான் போகிறோம், ஆங்கிலமாகவே எடுப்போம் என்று நினைப்பதில் தவறில்லை. மீட்டர் செத்த பிரியஸ், அக்வா, விட்ஸ் சொந்தக்காரருக்கு சிங்கப்பூர் அல்லது அவுஸ்திரேலிய மீட்டர் நியாயமான தெரிவு. காரைப் பத்து வருடத்துக்கு விற்கிற எண்ணம் இல்லாதவருக்கு இன்னும் நியாயம்.

லீசிங்கில் எடுத்து இரண்டு மூன்று வருடத்தில் கைமாற்ற நினைப்பவர் எதையும் தொடாமல் விடுவது நல்லது. மலைநாட்டில் ஓடுகிற வெசல்காரர் மென்பொருள் மாற்றத்துக்குப் போகலாம். வாகன் ஆர், பிரீமியோ, எக்சியோ வைத்திருப்பவர்களிடம் யாராவது வெளிநாட்டு மீட்டர் என்று விற்க வந்தால், எந்தக் காரில் இருந்து கழற்றியது என்று மட்டும் கேளுங்கள்.

## வேலை கொடுக்கிறீர்கள் என்றால்

கழற்றுவதற்கு முன் பழைய மீட்டர் காட்டுகிற தூரத்தைத் திகதியோடு படமெடுங்கள். பில்லில் சாசி இலக்கம், கழற்றிய மீட்டரின் பாக எண், அதில் இருந்த தூரம், போட்ட மீட்டரின் பாக எண், அதில் எழுதிய தூரம் எல்லாம் வர வேண்டும். பழைய மீட்டரைக் கடையில் விட்டுவராதீர்கள். "அதை வைத்துக்கொண்டு விலையில் குறைக்கிறேன்" என்று சொன்னாலும் வேண்டாம். அதுதான் உங்கள் சாட்சி. காரை விற்கும்போது மீட்டரையும் பில்லையும் சேர்த்தே கையளியுங்கள்.

பற்றரியின் நெகற்றிவ் வயரைக் கழற்றி ஒன்றரை நிமிடமாவது விட்டபிறகே டாஷ்போர்டில் கை வைக்க வேண்டும், எயார்பாக் அமைப்பு அடங்குவதற்கு. அவசரக்காரக் கையில் பிளாஸ்ரிக் கிளிப் உடைந்தால் பிறகு காலத்துக்கும் கிறீச் கிறீச் என்று கத்தும்.

முடிந்ததும் தாங்கியை நிரப்பி எரிபொருள் முள் முழுதாக ஏறுகிறதா என்று பாருங்கள். பிறகு போனில் ஜிபிஎஸ் வேகத்தை வைத்துக்கொண்டு நேரான வீதியில் ஓடுங்கள். வேகமானி உண்மை வேகத்தை விடக் கூடக் காட்டலாம், குறையக் காட்டக் கூடாது என்பதுதான் சர்வதேச விதி. மீட்டர் 60 காட்டும்போது ஜிபிஎஸ் 56, 58 என்று இருந்தால் வழக்கம். ஜிபிஎஸ் 62 என்று சொன்னால், மிச்சக் காசைக் கொடுக்காமல் காரைத் திருப்பிக் கடைக்கே விடுங்கள்.